துரை வண்டியின் பக்கத்து சீட்டு

அன்புள்ள அத்தான்,

போன வாரம் டவுனில் உங்கள் எண்ணெய்க் கடையைக் காலி செய்தோம். செல்போன் கடை வைக்க ஒருவர் வாடகைக்குக் கேட்டிருந்தார். பின்கட்டில், சாக்குக் குவியலுக்கு அடியில் ஒரு தகர டின் கிடந்தது. நகர்த்தியபோது மூடி கழன்று விளக்கெண்ணெய் வாடை வந்தது. அவ்வளவுதான், என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. வேலைக்கு வந்திருந்த ஆள், "என்ன சார், கால் மரத்துப் போச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டேன்.

ஊரில் மற்றவர்களுக்கு விளக்கெண்ணெய் என்றால் பேதி ஞாபகம் வரும். எனக்கு மட்டும் மலைச்சரிவு ஞாபகம் வருகிறது. நீங்கள் பண்ணிய வேலை.

உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் எனக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். "வாத்தியார் புத்தி" என்று கேலி செய்வீர்கள். செய்துகொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்லிடைக்குறிச்சியில் மூடிக் கிடந்த அரிசி ஆலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். பழைய இரும்பு விலைபேசப் போவதாக அக்காவிடம் சொல்லியிருந்தீர்கள். நெல் மூட்டை அடுக்கும் கொட்டகையில், சாக்குகளுக்கு அடியில் அது கிடந்தது. நீங்கள் ஒரு சாக்கை இழுத்ததும் உள்ளே அடைகாத்துக்கொண்டிருந்த கோழி கத்திக்கொண்டு பறந்தது. நான் வாசல்வரை ஓடிவிட்டேன்.

"கோழிக்கே இந்த ஓட்டம்னா, இது உறுமுனா என்ன செய்வ மாப்ளே?" என்றீர்கள்.

நீண்ட மூக்கு. இரண்டே கதவு. முன்னால் இரண்டு பேர் தாராளமாகக் கால் நீட்டி உட்காரலாம். பின்னால் ஒருவர் முழங்காலை மடக்கிக்கொண்டு ஒடுங்கலாம். சைக்கிளுக்கு இருப்பதுபோல் கம்பி போட்ட சக்கரங்கள், நான்கிலும் காற்று இல்லை. சீட்டுத் தோலை எலி தின்றிருந்தது. இங்கிலாந்தில் செய்தது. கம்பெனிப் பெயர் இங்கே யார் வாயிலும் நுழையவில்லை. ஊரில் அதற்கு 'துரை வண்டி' என்றே பெயர்.

அதன் கதையை ஆலையின் காவல்காரர் சொன்னார். மாஞ்சோலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒரு துரை, லீவுக்கு ஊர் போனவர் இதை வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டார். அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. நடுக்கடலில் நிற்கும். அங்கிருந்து தோணியில் இறக்கி, பலகை போட்டுக் கரையேற்றினார்களாம். மலைப்பாதை தாங்காது என்று துரை வண்டியை அடிவாரத்திலேயே விட்டு வைப்பார். சனிக்கிழமை வந்தால் இறங்கி வந்து, எடுத்துக்கொண்டு கொடைக்கானல் போவார். தூர தேசம் போவதற்கென்றே செய்த வண்டியாம் அது. 'கிராண்ட் டூரிங்' என்பார்களாம். காலையில் ஒரு நாட்டில் கிளம்பினால் சாயங்காலம் இன்னொரு நாட்டில் இறங்கலாம், அலுப்பே தெரியாது என்றார் காவல்காரர். துரை ஊரைவிட்டுப் போகும்போது ஆலை முதலாளிக்கு விற்றுவிட்டார். முதலாளியின் தம்பி ஒருநாள் அதை ஓட்டிப்போய்ச் சேரன்மகாதேவிக்கு அருகில் மருதமரத்தில் மோதினார். உயிர் பிழைத்தது, கால் போயிற்று. பிரேக் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னார், குடித்திருந்தார் என்று ஊர் சொன்னது. அன்றைக்குக் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டியதுதான்.

"காவு கேக்குற வண்டி அண்ணாச்சி. தொடாதிய," என்றார் காவல்காரர். இடது மட்கார்டில் அந்த மரத்தின் பள்ளம் அப்படியே இருந்தது. என் கை அதில் முழங்கைவரை போயிற்று. நீங்களோ அதைத் தடவிவிட்டு, "பாவம், பலமான அடி," என்றீர்கள். அந்த 'பாவம்' மரத்துக்கும் இல்லை, தம்பிக்கும் இல்லை, வண்டிக்கு.

டிராக்டர் பின்னால் கட்டி இழுத்து அதை நீங்கள் டவுனுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு அக்கா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் அப்பா நாங்குநேரி ரோட்டில் சைக்கிளில் போனவர், திரும்பி வரவில்லை. லாரி. அக்காதான் அடையாளம் சொல்லப் போனாள், நான் சின்னவன் என்று. அதற்குப் பிறகு வீட்டில் யாராவது வெளியே போய் வரக் கொஞ்சம் தாமதமானாலும் அவள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாள். நானும் அவள் வளர்த்த பிள்ளைதானே. சாலையைக் குறுக்கே கடக்கப் பக்கத்தில் ஆள் வரட்டும் என்று நிற்பவன்.

நீங்கள் அழிச்சாட்டியமாக வேலையை ஆரம்பித்தீர்கள். கடைப் பின்கட்டு பட்டறையாக மாறியது. வண்டிக்குள் மரச்சட்டம் இருந்ததையே அப்போதுதான் பார்த்தேன். அலுமினியத் தகட்டுக்குள் எலும்புக்கூடு மாதிரி மரம். பாதியைச் செல் அரித்திருந்தது. பேட்டையிலிருந்து வண்டிச்சக்கரம் செய்யும் ஆசாரி வந்து தேக்கில் புதுச்சட்டம் இழைத்தார். மட்கார்டுப் பள்ளத்தைப் பாத்திரப் பட்டறைக்காரர் உள்ளிருந்து தட்டித் தட்டி எடுத்தார். சக்கரக் கம்பிகளை இறுக்கினது சைக்கிள் கடைக்காரர். இன்ஜினை மேலப்பாளையம் மைதீன் பார்த்துக்கொண்டார். அம்பாசடரில் ஊறிய கை அவருக்கு. "ரெண்டும் ஒரே நாட்டு வித்துதான் அண்ணாச்சி, அம்பாசடர் சாமான் பாதிக்குப் பாதி பொருந்தும்," என்று சொல்லி, பொருந்தாததையும் அடித்துப் பொருத்தினார். சீட்டுக்குத் தோல் கிடைக்கும்வரை பத்தமடைப் பாய் விரித்து வைத்தீர்கள். அது வழுக்கும். திருப்பத்தில் நான் உங்கள் மடிக்கே வந்துவிடுவேன்.

நான் எதற்கு அந்த சீட்டில் இருந்தேன்? அக்கா போட்ட உத்தரவு. இன்ஜின் முதல்முறை உறுமிய அன்றைக்கு அவள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"ஏலே, அவுக அந்த வண்டியை வெளிய எடுத்தா நீ பக்கத்துல உக்காரு. ஒரு தடவகூட விட்டுராத."

"நான் எதுக்குக்கா? எனக்கு வண்டி ஓட்டவும் தெரியாது, ஒண்ணும் தெரியாது."

"அதுக்காகத்தாம்லே. தனியாப் போனா அவுக பறப்பாக. என் தம்பியப் பக்கத்துல வச்சுக்கிட்டு அப்படிப் போக மாட்டாக."

அவள் கணக்கு அவ்வளவுதான். தன் புருஷன் தப்பிக்கத் தம்பியை ஈடாக வைத்தாள். நான் கோபப்பட்டேனா என்று கேட்டால், இல்லை. பயந்தேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் என் பயத்துக்குக் காரணம்.

ஆக, உங்கள் வண்டிக்கு இரண்டு பிரேக். ஒன்று கீழே, ஒன்று பக்கத்து சீட்டில். பாளையங்கோட்டை தாண்டித் தூத்துக்குடி ரோட்டில் ஏறினால் நான் வேகம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பேன். அறுபதில் நின்றால் மனசு சமாதானம் ஆகும். பஸ்ஸே அறுபதில் போகிறதே என்று நினைத்துக்கொள்வேன். அப்படியும் ஏன் புளியமரங்கள் எல்லாம் இப்படிப் பின்னால் ஓடுகின்றன என்று விளங்கவில்லை. ஒருநாள் மைதீனிடம் பெருமையாகச் சொன்னேன், அத்தான் அறுபதைத் தாண்டுவதே இல்லை என்று. அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், அது மைல் கணக்குல்லா."

நான் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். அறுபது மைல் என்றால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஒரு கணக்கு வாத்தியாருக்கு இது அவமானம். பயத்தில் அவமானம்கூட அப்புறம்தான் உறைத்தது. உங்களிடம் சண்டைக்கு வந்தேன். "நீ நிம்மதியா வந்தேல்லா, அதைக் கெடுப்பானேன்னு பாத்தேன்," என்றீர்கள்.

இனி எண்ணெய்க்கு வருகிறேன்.

வண்டி ரோட்டுக்கு வருமுன்பே பிரேக்குக்கு ரப்பர் வேண்டியிருந்தது. அம்பாசடர் ரப்பர் சேரவில்லை. உங்களோடு வியாபாரம் செய்த காயல்பட்டினத்து அண்ணாச்சியின் மகன் துபாயில் இருந்தார். அளவு எழுதிக் கொடுத்து, அவர் எங்கேயோ தேடி, சரியான ரப்பர்களைக் கொண்டுவந்தார். அதற்கென்று உள்ள எண்ணெயை விமானத்தில் ஏற்ற விடவில்லை. ரப்பர் வந்தது, எண்ணெய் வரவில்லை. அம்பாசடருக்கு ஊற்றும் டின்னை மைதீன் எடுத்து வந்தார். நீங்கள் தடுத்தீர்கள். "இந்த ரப்பர அந்த எண்ணெய் தின்னுட்டா? இன்னொரு தடவ யாரு துபாய் போறது?" என்றீர்கள். மைதீன் அப்போது விளையாட்டாக ஒன்றைச் சொன்னார். "ஆதி காலத்துல பிரேக் ஆயிலே விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்ததுதான் அண்ணாச்சி."

அதை ஓர் எண்ணெய் வியாபாரியிடம் சொல்லலாமா? உங்கள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். மறுநாள் கடை விளக்கெண்ணெயை இரண்டு முறை வடிகட்டி, மருந்துக்கடை ஸ்பிரிட்டைக் கலந்து, கண்ணாடிப் புட்டியில் வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினீர்கள். "பாரு மாப்ளே, துரை வண்டிக்கு நம்ம கடைச் சரக்கு." மைதீன் தலையில் கை வைத்தார். "அண்ணாச்சி, நான் சும்மா சொன்னேன். வேண்டாம்," என்றார். நானும் வேண்டாம் என்றேன். ஆனால் நான் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்பவன், என் பேச்சுக்கு என்ன மதிப்பு. ஊற்றினீர்கள். மிதித்தீர்கள். கல் மாதிரி நின்றது. அதற்கப்புறம் சமவெளியில் எத்தனையோ தடவை ஓடினோம், ஒரு குறையும் இல்லை. நான்கூட அதை மறந்துபோனேன்.

பச்சைப் பெயிண்டு அடித்து முடித்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். எந்த வண்டி வந்தாலும் முதலில் குலதெய்வத்துக்குக் காட்ட வேண்டாமா, இத்தனை நாள் காட்டாமல் ஓட்டுகிறீர்களே என்று அழுதாள். காவு கேட்கிற வண்டி என்ற பேச்சு அவள் காதுக்கும் வந்திருந்தது. நம் அய்யனார் இருப்பது எங்கே? பாபநாசத்துக்கு மேலே, காரையாறு போகிற மலைப்பாதையில். பயந்துபோய்த்தான் மலையேறினோம் அத்தான். பயப்படாமல் இருந்திருந்தால் சமவெளியிலேயே ஓடிக்கொண்டிருந்திருப்போம்.

ஏறும்போது ஒன்றுமில்லை. அக்கா பின்சீட்டில் முழங்காலை மடக்கி, மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோயிலில் பூசாரி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். நீங்கள் வண்டியை ஏற்றி நசுக்கினீர்கள். சந்தனமும் குங்குமமும் அந்த நீண்ட மூக்கில் வைத்தபோது வண்டியே நம் சாதிசனம்போல ஆகிவிட்டது. அக்கா முகம் தெளிந்திருந்தது.

மத்தியானம் இறங்கினோம். வளைவுக்கு வளைவு நீங்கள் பிரேக்கை மிதித்து மிதித்து இறக்கினீர்கள். கனமான வண்டி, இறக்கத்தில் அதுவாக இழுத்துக்கொண்டு ஓடியது. ஒரு திருப்பம் தாண்டியதும் உங்கள் வலது முழங்கால் சட்டென்று கீழே போனதைப் பார்த்தேன். பெடல் தரையைத் தொட்டது. எடுத்து மறுபடி மிதித்தீர்கள். மறுபடி தரை. ஒரு சத்தமும் இல்லை. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. நான் உங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் காலும் மிதித்துக்கொண்டிருந்தது.

வலது பக்கம் பள்ளம். கீழே ஆறு கற்களுக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்தது. இடது பக்கம் பாறை. நீங்கள் கியரை இறக்கப் பார்த்தீர்கள், பல்லைக் கடிக்கிற சத்தத்தோடு இரண்டாவதில் விழுந்தது. கைபிரேக்கைப் பல் பல்லாக இழுத்தீர்கள். கருகிய வாடை வந்தது. வேகம் குறைந்தது, நிற்கவில்லை. கத்தவேண்டும் என்று தோன்றியது. கத்தினால் அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் அக்கா பேச ஆரம்பித்தாள்.

"ஏங்க, அம்பாசமுத்திரம் சித்தி மக கல்யாணத்துக்கு என்ன செய்யலாம்? பட்டா எடுப்போமா, பாத்திரமா?"

"உம்," என்றீர்கள்.

"பாத்திரம்னா எல்லாரும் பாத்திரமே குடுப்பாக. பட்டே எடுத்துருவோம். அவளுக்கு மாம்பழக் கலர்னா உசுரு. போன தடவ ஆரெம்கேவி வாசல்ல நின்னு..." என்று ஆரம்பித்து, சித்தி மகள் நிறம், அவள் மாமியார் குணம், மாமியார் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் உப்பு என்பதுவரை போய்விட்டாள். நீங்கள் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு 'உம்' போட்டீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. உயிர் போகிற நேரத்தில் இவளுக்குக் கிணற்றுத் தண்ணீரா? திரும்பி, வாயை மூடு என்று சொல்ல நினைத்தேன். கழுத்து திரும்பவில்லை. கீழேயிருந்து காரையாறு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது. நீங்கள் பாறைப் பக்கம் ஒதுங்கினீர்கள். கண்ணாடி பாறையில் உரசி நொறுங்கியது. பஸ் டிரைவர் ஏதோ திட்டிக்கொண்டு போனார். "புளியோதரைக்கு இன்னைக்கு உப்பு கொஞ்சம் கூடிட்டு," என்றாள் அக்கா.

அடுத்த வளைவில் ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல் இருந்தது. நீங்கள் அதைப் பார்த்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது. இடது பக்கம் ஒடித்து, அந்த நீண்ட மூக்கை ஜல்லிக்குள் சொருகினீர்கள். கல் எல்லாம் சரிந்து பானெட்டில் கொட்டியது. நின்றது.

நான் அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். வேட்டியும் சட்டையும் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தன. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தீர்கள். என்னிடம் குனிந்து, மிக மெல்ல, "மாப்ளே, என் கை வரல," என்றீர்கள். விரல்கள் இறுகிப்போயிருந்தன. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். உங்களுக்குப் பயமே கிடையாது என்று அன்றுவரை நினைத்திருந்தேன். உங்கள் விரலைப் பிரித்தபோது என் பயம் இரண்டு மடங்காயிற்று.

"அவகிட்ட மூச்சு விடாத," என்றீர்கள்.

அக்கா பின்னாலிருந்து கேட்டாள். "என்ன, நிப்பாட்டிட்டிய?"

"இன்ஜின் சூடாயிட்டு. கொஞ்சம் ஆறட்டும்," என்றீர்கள். குரல் சாதாரணமாக இருந்தது. எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

நான் இறங்கி முன்சீட்டை மடக்கினால்தான் அவள் வெளியே வர முடியும். வந்தாள். ஜல்லியில் சொருகிய வண்டியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து, இலையில் புளியோதரை வைத்து நம் இருவருக்கும் கொடுத்தாள். நாம் தின்றோம். நீங்கள் இரண்டு தரம் வாங்கித் தின்றீர்கள். அவள் சாப்பிடவில்லை, விரதம் என்றாள்.

சாப்பிட்டுவிட்டு நீங்கள் போய்ப் பெடலை மிதித்துப் பார்த்தீர்கள். நானும் எட்டிப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. ஒரு குறையும் இல்லாததுபோல நின்றது. அதைப் பார்த்ததும் உங்கள் முகம் மறுபடி வெளிறியது. இல்லாமல் போனதைவிட அது திரும்பி வந்ததுதான் நம் இருவரையும் உலுக்கிவிட்டது. இனி அதை எப்படி நம்புவது? ஓட்டிக்கொண்டே போகலாம் என்று நீங்கள் சொல்லிவிடுவீர்களோ என்று எனக்குக் கைகால் ஓடவில்லை. அதற்குள் அக்கா எழுந்துவிட்டாள்.

"எனக்குப் பின்சீட்டுல முதுகு விட்டுப்போச்சு. இறங்குற பஸ்ஸு வரும், அதுல போவோம். வண்டிய மைதீன் வந்து எடுத்துட்டு வரட்டும்," என்றாள்.

அவள் முதுகுவலிக்கு நான் அய்யனாரை நோக்கிக் கும்பிட்டேன்.

மைதீன் போய் எண்ணெயைக் கொட்டிவிட்டு டின் ஆயிலை ஊற்றி ஓட்டி வந்தார். அவர் உங்களிடம் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அண்ணாச்சி, இறக்கத்துல மிதிச்சு மிதிச்சு வந்தா பிரேக் டிரம் கொதிக்கும். ஸ்பிரிட்டு ஆவியாயிரும். எண்ணெய மிதிச்சா பிரேக் பிடிக்கும், ஆவிய மிதிச்சா எங்கன பிடிக்கும்? ஆறினா திரும்ப எண்ணெய். அதான் நின்னுருக்கு." துபாய் ரப்பரை அந்த டின் ஆயில் ஒன்றும் செய்யவில்லை. அதற்கப்புறம் நீங்கள் துரை வண்டியை எடுத்தாலும் ரத வீதியைச் சுற்றி மாட்டுவண்டிக்குப் பின்னால் பைய வருவீர்கள். வருஷத்துக்கு வருஷம் அதுவும் குறைந்தது. பிறகு கொச்சியிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டீர்கள். லாரியில் ஏற்றும்போது நீங்கள் பின்கட்டுக்கே வரவில்லை. ஆனால் ஒன்று, அதுவரை எடுக்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டீர்கள். அக்கா சொல்லி அல்ல. "வாலே, கூட உக்காரு, நீ இல்லாம ஏற மனசு வரல," என்பீர்கள்.

ரோடு உங்களை ஒன்றும் செய்யவில்லை. கடையில், காலை நேரத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனீர்கள். அக்கா அத்தனை வருஷம் வாசலைப் பார்த்துப் பயந்தது எதுவும் நடக்கவில்லை. நடந்தது வேறு.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்லுகிறேன். கடையைக் காலி செய்த அன்று சாயங்காலம் அந்த டின்னைப் பற்றி அக்காவிடம் சொன்னேன். நீங்கள்தான் இல்லையே, இனி என்ன என்று மலையில் நடந்ததையும் சொல்லத் தொடங்கினேன். அவள் முடிக்க விடவில்லை.

"தெரியும்லே."

"என்ன தெரியும்?"

"பிரேக் இல்லன்னு. பின்னால இருந்து அவுக பிடரியத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். தண்ணி ஊத்துனாப்புல வேர்த்துச்சு. நீ சீட்டுல கல்லா இருந்த. எனக்கு அப்பா முகந்தான் வந்துச்சு. நான் ஒரு சத்தம் போட்டிருந்தா அவுக கை ஆடியிருக்கும்லா. அதான் பேசுனேன். என்ன பேசுனேன்னு எனக்கே தெரியல. சித்தி மகளப் பத்தி என்னமோ. பேச்ச நிப்பாட்டுனா அழுதுருவேன்னு பயம்."

"அப்புறம் ஏன்க்கா அத்தான்கிட்டக் கேக்கல?"

"அவுக சொல்லக்கூடாதுன்னு நெனச்சாக. இருந்துட்டுப் போகட்டும்."

அத்தான், நான் அவளைத் திட்ட நினைத்தேன் அன்றைக்கு. நீங்கள் அவள் தலையைத் தடவி, ஒன்றும் தெரியாதவள் என்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தீர்கள். ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துதான் ஒவ்வொரு வளைவுக்கும் அந்த 'உம்'மைப் போட்டீர்களா? அவள் பேசும்வரை உங்கள் கையும் ஓடும் என்று பிடித்துக்கொண்டு வந்தீர்களா? வீட்டில் இத்தனை வருஷம் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு இருவரும் வாயைத் திறக்காமலே இருந்தீர்களா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்.

இது தெரிந்த பிறகு எனக்கு ஒரு புதுப்பயம் பிடித்திருக்கிறது. அக்கா அதிகம் பேசுகிறவள் இல்லை. யோசித்துப் பார்த்தால், அவள் நிறையப் பேசிய நாட்கள் எனக்கு வரிசையாக ஞாபகம் வருகின்றன. அப்பா உடம்பை வீட்டுக்குக் கொண்டுவருமுன் என்னை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேசினாள். உங்கள் கடையிலிருந்து ஆள் ஓடி வந்த காலையில், நான் வந்து சேரும்வரை, அந்த ஆளிடம் இட்லி மாவு புளித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். சுற்றி நின்றவர்கள் அதிர்ச்சி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நேற்று பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கொஞ்ச நாளாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முன்னால் எடுத்த பரிசோதனை முடிவுகள் வந்திருந்தன. டாக்டர் சொல்லும்போது அவள் என்னை வெளியே நிற்கச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் சேலையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, வயசாச்சுல்லா," என்றாள். ஆட்டோவில் ஏறினோம்.

ஏறியதும் ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு மருமகள் முறுக்கு சுடும்போது மாவு வெடித்தது, பாலத்தில் இப்போது எவ்வளவு கூட்டம், ஆற்றில் தண்ணீர் கூடியிருக்கிறது பார், உன் பேத்திக்குக் காது குத்த மாம்பழக் கலரில் பாவாடை எடுப்போமா. டவுன் வந்து சேரும்வரை அவள் நிறுத்தவில்லை. ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். திரும்பி அவளைப் பார்க்கவில்லை.

"உம்," என்றேன். "உம்."